ஒரு கால்நடை மருந்தும் ஐந்து லட்சம் மரணங்களும்

இயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 2024 அக்டோபரில் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இந்தியாவில் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், அழிந்ததால் 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்பது அவர்களது மதிப்பீடு. ஆண்டுக்கு ஏறத்தாழ 6,900 கோடி டாலர் இழப்பு என்றும் கணக்கிட்டார்கள். இயற்கைக்கும் பொருளாதார மதிப்பு உண்டு என்பதற்கு இது இன்னொரு சான்று என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அந்த வாசிப்பு போதாது. ஒரு மருந்தைச் சந்தைக்கு விடும்போது எந்தக் கேள்வியைக் கேட்கத் தவறினோம் என்பதே இந்த ஆய்வு நம்முன் வைக்கும் விஷயம் என்பதும், அந்தக் கேள்வி இன்றும் உரிய இடத்தில் கேட்கப்படவில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1980-களின் பிற்பகுதியில் வெண்முதுகுப் பாறுகளின் கூடுகள் 353 இருந்தன. 1996-97-இல் அவை 150 ஆயின. அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் இந்த வீழ்ச்சியைப் பதிவு செய்தார். கழுத்தைத் தொங்கப் போட்டபடி நாட்கணக்கில் மரத்தில் அமர்ந்திருந்து, பிறகு விழுந்து இறந்த பறவைகளைப் பார்த்தவர்கள் முதலில் ஏதோ தொற்றுநோய் என்றே எண்ணினார்கள். தேடலும் வைரஸை நோக்கியே போனது. அந்த ஊகத்தைக் குறை சொல்ல முடியாது. நாடு முழுவதும் ஒரே காலத்தில் ஓர் இனம் சாகும்போது வேறெதை முதலில் சந்தேகிப்பது? ஆனால் அந்தத் தேடலுக்குள்ளேயே பல ஆண்டுகள் கழிந்தன.

விடை பாகிஸ்தானின் பஞ்சாபில் கிடைத்தது. லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது இதயம், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவம் இருந்தது. அது யூரிக் அமிலம். சிறுநீரகம் செயலிழந்து, கழிவு வெளியேற வழியில்லாமல் உள்ளுறுப்புகளின் மேலேயே படிந்திருந்தது. இந்தப் படிவத்தோடு இறந்த பறவைகளில் சோதித்த 25-இலும் டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணியின் எச்சம் இருந்தது; அது மாடுகளுக்குப் போடப்பட்டுவந்த மருந்து. படிவம் இல்லாமல் வேறு காரணத்தால் இறந்த 13-இல் ஒன்றில்கூட இல்லை. மருந்து செலுத்திய எருமை, ஆடு ஆகியவற்றின் இறைச்சியைப் பாறுகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோதும் அதே மரணம் நேர்ந்தது. 2004-இல் ‘நேச்சர்’ இதழில் இது வெளியானது. சூழலியலில் காரணமும் விளைவும் இவ்வளவு தெளிவாகப் பொருந்தும் சான்று அபூர்வம்.

இங்கே சற்று நிற்க வேண்டும். இறந்த மாடுகளில் எத்தனை விழுக்காட்டில் மருந்து இருந்தால் ஓர் இனமே அழியும்? ரைஸ் கிரீன் குழுவினர் அதே ஆண்டில் செய்த கணக்கின்படி ஒரு விழுக்காட்டுக்கும் குறைவே போதும். இதைக் கேட்டதும் நம்ப முடியாது. பாறுகளின் வாழ்க்கையை அறிந்தால் புரியும். ஒரு பிணத்தின் மேல் பல பத்துப் பறவைகள் ஒன்றாக இறங்கும். தினமும் நெடுந்தூரம் பறக்கும். ஆண்டுக்கு ஒரே முட்டை. குஞ்சு வளர்ந்து இனப்பெருக்கம் செய்ய ஐந்து ஆண்டுகள் ஆகும். நூறு மாடுகளில் ஒன்று நஞ்சாக இருந்தாலும் பாறு என்றாவது ஒருநாள் அதன்மேல் அமரத்தான் போகிறது. அத்துடன், வலிநிவாரணி பெரும்பாலும் நோயில் கிடக்கும் மாட்டுக்குத்தான் போடப்படுகிறது. அது பிழைக்காமல் ஓரிரு நாளில் செத்தால் மருந்து உடலிலேயே இருக்கும். பல மாநிலங்களில் மாட்டை அறுப்பதில்லை. செத்ததை ஊருக்கு வெளியே கிடத்துவதே வழக்கம். கருணையால் போட்ட ஊசியும் காலங்காலமான வழக்கமும் சேர்ந்து இந்த விளைவைத் தந்தன. 1992-க்கும் 2007-க்கும் இடையே வெண்முதுகுப் பாறுகள் 99.9 விழுக்காடு குறைந்தன. மும்பையின் பார்சிகள் தங்கள் இறந்தோரை ஒப்படைக்கப் பறவை இல்லாமல் தவித்ததும் இதே காலத்தில்தான்.

இந்த நஞ்சு எல்லாப் பறவைகளையும் ஒரேபோல் தாக்குவதில்லை. அமெரிக்கக் கண்டத்தின் வான்கோழிப் பாறுகளுக்கு, நம் பாறுகளைக் கொல்லும் அளவைப்போல் நூறு மடங்குக்கும் மேல் டைக்ளோஃபெனாக் கொடுத்தும் தீங்கு நேரவில்லை. ஆகவே ஏதோ ஒரு பறவையில் சோதித்துவிட்டு எல்லாப் பறவைக்கும் பாதுகாப்பு என்று எழுதிவிட முடியாது. உண்ணப்போகும் இனத்தில், அல்லது அதற்கு மிக நெருங்கிய உறவில், சோதிக்க வேண்டும்.

இனி மனித மரணக் கணக்குக்கு வருவோம். பாறுகள் வாழ ஏற்ற மாவட்டங்களையும் ஏற்காத மாவட்டங்களையும் பிரித்து, டைக்ளோஃபெனாக் மலிவாகப் பரவுவதற்கு முன்னும் பின்னும் இரண்டிலும் இறப்பு விகிதம் எப்படி நகர்ந்தது என்று ஃபிராங்கும் சுதர்சனும் ஒப்பிட்டார்கள். முன்பு இணையாகச் சென்ற கோடுகள் 1990-களின் நடுப்பகுதிக்குப் பின் விலகின. பாறு வாழ்ந்த மாவட்டங்களில் இறப்பு 4 விழுக்காட்டுக்கு மேல் கூடியது. கால்நடை மிகுந்த நகர்ப்புறங்களில் விளைவு இன்னும் கூர்மையாக இருந்தது. பாறுகள் எங்கே எத்தனை இருந்தன என்ற நேரடிக் கணக்கு அவர்களிடம் இல்லை. வாழிடப் பரவல் வரைபடத்தையே சார்ந்தார்கள். இது உண்மையான குறை. ஆனால் அத்தகைய வரைபடத்தில் பிழை இருந்தால் அது பெரும்பாலும் இரு குழுக்களின் வேறுபாட்டை மங்கச் செய்யும். இல்லாத விளைவை உருவாக்குவது கடினம். எனவே விளைவின் திசையை ஐயுற எனக்குக் காரணம் தெரியவில்லை. டாலர் கணக்கு வேறு. ஓர் உயிருக்கு என்ன விலை வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். அதை நான் வாதத்துக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

போதிய கவனம் பெறாத ஓர் இடைவெளி இங்கே உண்டு. 2008-இல் அனில் மார்க்கண்டேயா குழுவினர் பாறுகள் விட்ட இடத்தைத் தெருநாய்கள் பிடித்ததால் 1992 முதல் 2006 வரை ஏறத்தாழ 48,000 பேர் வெறிநாய்க்கடியால் கூடுதலாக இறந்ததாகக் கணக்கிட்டனர். புதிய ஆய்வோ ஐந்து ஆண்டுகளுக்கு 5 லட்சம் என்கிறது. இரண்டும் சரியாக இருக்க வேண்டுமானால் பெரும்பகுதி மரணங்களுக்கு நாய் காரணமாக இருக்க முடியாது. ஒரு மாட்டுப் பிணத்தைப் பாறுக் கூட்டம் ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். நாயும் எலியும் குதறிப் பரப்பிவிட்டுப் போகும், மிச்சம் அழுகி மழையோடு நீர்நிலைக்குப் போகும். பாறு இழந்த மாவட்டங்களின் நீரில் மலக் கோலிஃபார்ம் பாக்டீரியா கூடியிருந்ததை ஃபிராங்க்-சுதர்சன் ஆய்வே காட்டுகிறது. ஆக, மிகப் பெரிய மரணப் பாதை எதுவாக இருக்கக்கூடுமோ அதுவே மிகக் குறைவாக அளக்கப்பட்ட பாதை. வயிற்றுப்போக்கில் ஒரு குழந்தை இறந்தபோது, ஊருக்கு வெளியே கிடக்கும் மாட்டைப் பற்றிக் கேட்க எந்தப் படிவத்திலும் இடமில்லை. பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் அவசரமாகக் கைவைக்க வேண்டிய இடம் இது.

ஒழுங்குமுறைக்குத் திரும்புவோம். கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கை இந்தியா 2006-இல் தடை செய்தது. சான்று கிடைத்து இரண்டே ஆண்டுகளில் என்பதால் இதைப் பாராட்ட வேண்டும். ஆனால் மனிதருக்கான 30 மில்லி குப்பிகள் மாட்டுக்குப் போயின. தடைக்குப் பின் 2007 முதல் 2010 வரை மருந்துக் கடைகளில் நடந்த ஆய்வில் 36 விழுக்காட்டுக் கடைகளில் டைக்ளோஃபெனாக் மாட்டுக்கென்று கிடைத்தது. 2015-இல்தான் குப்பியின் அளவு 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது. மருந்து நிறுவனங்கள் அதை எதிர்த்து வழக்குத் தொடுக்க, சென்னை உயர்நீதிமன்றம் 2017-இல் அரசின் கட்டுப்பாட்டை உறுதி செய்தது. இதற்கிடையே வேறு மருந்துகள் வந்துவிட்டன. மாட்டின் உடலில் டைக்ளோஃபெனாக்காகவே மாறும் அசிக்ளோஃபெனாக், 2010-இலேயே பாறுகளைக் கொல்வது நிறுவப்பட்ட கீட்டோபுரோஃபென் இரண்டும் 2023-இல்தான் தடை செய்யப்பட்டன. பாறுகளைக் கொல்லும் இன்னொரு வலிநிவாரணியான நிமசுலைடுக்குத் தடை 2024 டிசம்பர் வரை காத்திருந்தது. கீட்டோபுரோஃபெனை மட்டும் எடுத்துக்கொண்டாலும், சான்றுக்கும் தடைக்கும் இடையே 13 ஆண்டுகள் அந்த ஊசி சட்டப்படி விற்பனையில் இருந்தது.

இதை நிர்வாகத் தாமதம் என்று மட்டும் பார்க்கக் கூடாது. முறையிலேயே கோளாறு இருக்கிறது. மருந்து மாட்டுக்குப் பாதுகாப்பா, பாலிலும் இறைச்சியிலும் எவ்வளவு நாள் தங்கும் என்று கேட்கிறோம். அந்த மாடு செத்தபின் அதை உண்பது யார் என்று கேட்பதில்லை. தீங்கை நிறுவும் பொறுப்பு பறவையியலாளர் தலையில் விழுகிறது. அவரோ பறவைகள் செத்த பிறகுதான் நிறுவ முடியும். ஸ்பெயின் இந்த வரலாறு முழுவதையும் அறிந்துகொண்டே 2013-இல் கால்நடைக்கு டைக்ளோஃபெனாக்கை அனுமதித்தது. 2020-இல் அங்கே ஒரு கரும்பாறுக் குஞ்சு அதே மருந்தால் இறந்தது.

வலியில் துடிக்கும் மாட்டை என்ன செய்வது என்று கேட்பவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள். மடிவீக்கத்தில் பால் கறக்க முடியாமல் நிற்கும் பசுவை வைத்திருக்கும் ஏழை விவசாயியிடம் பறவையைப் பற்றிப் பேசுவது எளிதல்ல. ஆனால் மாற்று இருக்கிறது. மெலாக்சிகாம் பாறுகளுக்குப் பாதுகாப்பானது என்பதை, அவற்றின் ஆப்பிரிக்க உறவினத்தில் தொடங்கி இந்தியப் பறவைகள் வரை படிப்படியாகச் சோதித்து 2006-இலேயே வெளியிட்டார்கள். டோல்ஃபெனாமிக் அமிலமும் பின்னர் அப்பட்டியலில் சேர்ந்தது. காரணம் தெரிந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மாற்று மருந்தைச் சோதித்து முடிக்க முடிந்தது என்றால், புதிய வலிநிவாரணி ஒவ்வொன்றுக்கும் உரிமம் தருமுன் அதே சோதனையை நிறுவனத்தின் செலவிலேயே கோருவது அளவுக்கு மீறிய கோரிக்கை ஆகாது.

தென்னிந்தியாவில் பாறுகள் கூட்டமாக மிஞ்சியிருக்கும் முக்கியமான இடம் முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையிலுள்ள மாயாறு பள்ளத்தாக்கு. ஆற்றோர நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. தமிழகம், கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து 2023 டிசம்பரில் நடத்திய கணக்கெடுப்பில் எல்லா இனங்களும் சேர்த்து 320 பறவைகள் பதிவாயின. காட்டில் புலி தின்று விட்ட மானும் காட்டெருமையும் அவற்றுக்கு மருந்தில்லாத உணவு. ஆனால் அவை சுற்றுக் கிராமங்களின் மாட்டுப் பிணங்களையும் தேடி வரும். உரிமத்துக்கு முந்தைய சோதனை சட்டமாகும் வரை, நீலகிரி, ஈரோடு மாவட்டக் கால்நடை மருந்தகங்களின் அலமாரியில் பாறுகளில் சோதிக்கப்படாத எந்த வலிநிவாரணியும் இருக்கக் கூடாது என்று உத்தரவிட மாநில அரசு யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.