பழுப்புக் கொழுப்பின் ஏற்பிகள்: எரிப்பதும் உணர்த்துவதும்

பழுப்புக் கொழுப்பு பச்சிளங் குழந்தைகளுக்கு மட்டுமே உரியது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. வளர்ந்தவர்களின் கழுத்திலும் காறை எலும்புக்கு மேலும் அது இயங்குகிறது என்பதை 2009-இல் போஸ்டன், மாஸ்ட்ரிக்ட், துர்க்கு நகரங்களின் ஆய்வுக் குழுக்கள் உறுதிப்படுத்தின. அன்றிலிருந்து அதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் உடல் மெலிவதைச் சுற்றியே நடக்கிறது. கொழுப்பை வெப்பமாக எரித்துவிடும் திசுவை முடுக்கிவிட்டால் எடை குறையும் என்று எதிர்பார்ப்பது இயல்புதான். ஆனால் அத்திசுவின் ஏற்பிகளைக் கூர்ந்து பார்த்தால், அது எவ்வளவு எரிக்கிறது என்பதைவிட எந்தெந்தச் செய்திகளுக்குச் செவிசாய்க்கிறது என்பதே முக்கியமாகப் படுகிறது. ஆற்றல் சமநிலையில் அதன் பெரும்பங்கு செலவுப் பக்கத்தில் இல்லை, உண்பதாகிய வரவுப் பக்கத்தில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒரு பழுப்புக் கொழுப்பு உயிரணுவுக்குள் சிறுசிறு கொழுப்புத் துளிகள் பல சிதறிக் கிடக்கும். அவற்றுக்கிடையே மைட்டோகாண்ட்ரியாக்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். அவற்றில் உள்ள இரும்புச்சத்துள்ள புரதங்களே அந்தப் பழுப்பு நிறத்துக்குக் காரணம். குளிர் உறைத்ததும் பரிவு நரம்பின் முனைகள் நார்அட்ரினலினைச் சுரக்கின்றன. உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள பீட்டா ஏற்பி அதைப் பற்றிக்கொண்டவுடன் உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்னும் சைகை மூலக்கூறு பெருகுகிறது. கொழுப்புத் துளிகள் உடைந்து கொழுப்பு அமிலங்கள் விடுபடுகின்றன. அவை யுசிபி1 என்னும் புரதத்தைத் திறந்துவிட, ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறாக வேண்டிய ஆற்றல் வெப்பமாகவே வெளியேறுகிறது. தைராய்டு இயக்குநீரும் இதில் துணைநிற்கிறது. டி4 வடிவத்தை வீரியமுள்ள டி3 ஆக மாற்றும் நொதி இந்த உயிரணுவுக்குள்ளேயே இருப்பதால், இரத்தத்தில் டி3-இன் அளவு பெரிதாக மாறாமலே உயிரணுவின் உட்கருவில் உள்ள தைராய்டு ஏற்பிகள் வலுவாகத் தூண்டப்படுகின்றன. ஆக, நரம்புச் செய்தியும் இயக்குநீர்ச் செய்தியும் ஒன்று கூடினால்தான் வெப்பம் முழு அளவில் பிறக்கிறது.

அந்தப் பீட்டா ஏற்பியை மருந்தால் தூண்டினால் என்ன? சிறுநீர்ப்பைக் கோளாறுக்குத் தரப்படும் மிராபெக்ரான், அதன் வகைகளுள் ஒன்றான பீட்டா-3 ஏற்பியைத் தூண்டும் மருந்து. 2015-இல் வெளிவந்த ஆய்வில் 12 இளைஞர்களுக்கு 200 மில்லிகிராம் கொடுத்தபோது, ஓய்வுநிலை ஆற்றல் செலவு நாளொன்றுக்குச் சுமார் 200 கிலோகலோரி உயர்ந்தது. கூடவே இதயத் துடிப்பும் எகிறியது. 2020-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் 14 பெண்கள் 4 வாரம் தினமும் 100 மில்லிகிராம் உட்கொண்டனர். பழுப்புக் கொழுப்பின் செயல்பாடு கூடியது, இன்சுலின் உணர்திறன் மேம்பட்டது. எடை மட்டும் அசையவில்லை. அதே ஆண்டில் இன்னொரு குழு, மனிதரிடம் பழுப்புக் கொழுப்பை முடுக்கிவிடுவது பீட்டா-2 ஏற்பியே என்று வாதிட்டது. எலியிடம் பீட்டா-3 ஓங்கி நிற்பதை மனிதருக்கும் அப்படியே பொருத்திப் பார்த்ததால் வந்த சிக்கல் இது.

எனக்கு மிகவும் வலுவாகத் தோன்றும் சான்று குடலிலிருந்து வருகிறது. 1902-இல் லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் கண்டறிந்த செக்ரிட்டின், கணையநீரைச் சுரக்கவைக்கும் பொருளாகவே பாடநூல்களில் நிலைத்துவிட்டது. அதற்கான ஏற்பி பழுப்புக் கொழுப்பிலும் இருப்பதையும், உணவுக்குப் பின் ஊறும் செக்ரிட்டின் அங்கே வெப்பத்தை எழுப்புவதையும் 2018-இல் மியூனிக் குழு எலிகளிடம் காட்டியது. செக்ரிட்டின் செலுத்திய எலிகள் குறைவாகத் தின்றன. யுசிபி1 இல்லாத எலிகளிடம் இந்த விளைவு காணப்படவில்லை. அப்படியானால் பசியடங்கும் உணர்வுக்கு அந்த வெப்பமே வழிவகுக்கிறது. 2021-இல் துர்க்கு ஆய்வாளர்கள் மனிதரிடமும் இதைச் சோதித்தனர். செக்ரிட்டின் ஏற்றியபோது பழுப்புக் கொழுப்பு கூடுதலாகக் குளுக்கோஸை உறிஞ்சியது. உணவுப் படங்களைக் கண்டு மூளை காட்டும் ஆவல் தணிந்தது.

எலி ஆய்வகங்கள் பெரும்பாலும் 22 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நடப்பதால் அங்குள்ள எலி எப்போதும் குளிரில்தான் வாழ்கிறது, அதன் முடிவு மனிதருக்குப் பொருந்தாது என்பார்கள். நியாயமான மறுப்பு. ஆனால் அது செலவுக் கணக்கைத்தான் அதிகம் பாதிக்கிறது. உணவுக்குப் பின் எழும் செய்தி குளிரை நம்பி நிற்பதல்ல. இவ்வளவு சிறிய திசு பசியை எப்படி ஆளும் என்றும் கேட்கலாம். சைகை அனுப்பப் பெருந்திரள் தேவையில்லை. நாளமில்லாச் சுரப்பிகள் பலவும் சில கிராம் எடையே உள்ளவை. இருந்தாலும் ஒருமுறை செக்ரிட்டின் ஏற்றிப் பார்த்ததை வைத்து நாட்பட்ட பயனை அறுதியிட முடியாது. இனிவரும் சோதனைகள் எடை இயந்திரத்தோடு நின்றுவிடாமல், பங்கேற்பவர் எவ்வளவு உண்கிறார், எப்போது நிறுத்துகிறார் என்பதையும் மாதக்கணக்கில் அளந்தால்தான் செக்ரிட்டின் ஏற்பியின் தகுதி தெரியவரும்.