காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைப் புகையிரதக் கிளைப்பாதை

காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு மூலப்பொருள் கொண்டுவரவும் சீமெந்தை ஏற்றியனுப்பவும் வடக்குப் புகையிரதப் பாதையின் கோடியிலிருந்து பிரிந்துசென்ற பாதை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கைத்தொழில் வரலாற்றை எழுதுவோர் ஆலையைச் சொல்லுமளவுக்கு இந்தத் தண்டவாளத்தைச் சொல்வதில்லை. இது இல்லாமல் அந்த ஆலை இயங்கியிராது.

காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே 1902 மார்ச் 11இல் புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1905 ஆகஸ்டில் கொழும்புடன் தொடர்பு ஏற்பட்டது. ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1950இல், ஆலை உற்பத்தியைத் தொடங்கியது.

சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ நாலு பங்கென்றால் களி ஒரு பங்கு வேண்டும். இரண்டையும் அரைத்துக் கலந்து, சுழலும் சூளையில் 1,450 பாகை செல்சியஸ் அளவில் சுட்டெடுக்க வேண்டும். கல் ஆலையின் காலடியிலேயே கிடந்தது. களி வந்ததோ மன்னார்ப் பக்கம், கட்டுக்கரைக் குளத்தை அண்டிய முருங்கனிலிருந்து. வரைபடத்தில் பார்த்தால் முருங்கன் காங்கேசன்துறைக்குத் தெற்கே, கடலேரிக்கு அப்பால் இருக்கிறது, நேர்ப்பாதை கிடையாது. களி ஏற்றிய வண்டி தலைமன்னார்ப் பாதையில் தென்கிழக்கே மதவாச்சிவரை போகவேண்டும். அந்தப் பாதை கொழும்பை நோக்கியே மதவாச்சியில் வந்து சேர்வதால், அங்கே எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் பூட்டினால்தான் வடக்கே திரும்பலாம். பிறகு வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, ஆனையிறவு, யாழ்ப்பாணம், சுன்னாகம் என்று ஏறிவரவேண்டும். விலை குறைந்த, பாரம் மிகுந்த மண்ணை இவ்வளவு தூரம் சுமப்பது புகையிரதத்துக்கே கட்டுப்படியாகும். திரும்பும் திசையில் சீமெந்து தெற்கே போனது.

1990 ஜூனில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டதும் வடக்குக்கான சேவை நின்றது. ஆலையும் மூடப்பட்டது. சுற்றுவட்டாரம் உயர்பாதுகாப்பு வலயமாகி, மக்கள் வெளியேற்றப்பட்டனர். தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின.

இந்தியக் கடனுதவியுடன் இர்கொன் நிறுவனம் பிரதான பாதையை மீண்டும் அமைத்தது. 2014 அக்டோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரி 2இல் காங்கேசன்துறைக்கும் புகையிரதம் வந்தது. பயணிகளுக்கு அது பெரும் ஆறுதல். ஆலை மீண்டும் இயங்கவில்லை. முருங்கன் களி வண்டியும் திரும்பவில்லை. குடாநாட்டின் நன்னீர் தங்குவது இதே சுண்ணாம்புப் பாறையில்தான் என்பதால், ஆலைக்காக இங்கே மறுபடியும் கல்லகழ்வதை ஊரவர் எதிர்ப்பதில் நியாயமுண்டு.