கலிஃபோர்னியா கவிழ்த்த நாற்காலி

1916-ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ், ஒரு ஹோட்டலில் ஒருவரைப் பார்த்துக் கை கொடுக்காமல் வந்ததால் வெள்ளை மாளிகையைக் கோட்டைவிட்டார் என்று ஒரு கதை உண்டு. நூறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பார்க்காமல் விட்ட ஆள் கலிஃபோர்னியா கவர்னர் ஹைரம் ஜான்சன். ஹியூஸ் தோற்றது அந்த ஒரு மாநிலத்தால்தான், அதுவும் வெறும் 3,773 வாக்கில் என்பதால் கதை நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

கதைக்குள் போகும் முன் ஜான்சனைத் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைய கலிஃபோர்னியாவில் சதர்ன் பசிஃபிக் ரயில்வே வைத்ததுதான் சட்டம். சரக்குக் கட்டணத்திலிருந்து சட்டமன்ற வேட்பாளர் வரை எல்லாம் அந்தக் கம்பெனியின் விருப்பப்படி நடந்தன. அதை அரசியலிலிருந்து உதைத்து வெளியேற்றுவேன் என்று ஊர் ஊராகக் காரில் போய்ப் பேசி, 1910-இல் கவர்னர் தேர்தலில் வென்றவர் ஜான்சன். அவருடைய சொந்த அப்பா குரோவ் ஜான்சன் ரயில்வே பக்கம் நின்ற அரசியல்வாதி என்பது தனிக் கூத்து. பதவிக்கு வந்த முதல் வருஷமே, மக்கள் தாங்களே சட்டம் முன்மொழியவும், பிடிக்காத பிரதிநிதியைத் திரும்ப அழைக்கவும் வழி செய்தார். அதே 1911 அக்டோபரில் அந்த மாநிலப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. மக்கள் வாக்கெடுப்பில் அது தேறியது 3,587 வாக்கு வித்தியாசத்தில்.

1912-இல் குடியரசுக் கட்சி பிளந்தது. தியோடர் ரூஸ்வெல்ட் முற்போக்குக் கட்சி தொடங்கி ஜனாதிபதிக்கு நிற்க, துணை ஜனாதிபதி வேட்பாளராக நின்றவர் ஜான்சன். கலிஃபோர்னியாவில் கட்சி அமைப்பு ஜான்சன் கையில் இருந்ததால் வாக்குச்சீட்டில் குடியரசுக் கட்சியின் இடமே ரூஸ்வெல்ட் ஆட்களுக்குப் போய்விட்டது. பதவியில் இருந்த ஜனாதிபதி டாஃப்டுக்கு வாக்களிக்க விரும்பியவர்கள் பெயரைத் தாங்களே எழுதிப் போட வேண்டிய நிலை. ரூஸ்வெல்ட் அங்கே ஜனநாயகக் கட்சி வேட்பாளர் வில்சனை 174 வாக்கில் வென்றார்; ஆனால் ஜனாதிபதி ஆனவர் வில்சன்தான். குடியரசுக் கட்சியின் பழைய கோஷ்டி இந்த அவமானத்தை மறக்கவில்லை. கோஷ்டிப் பூசலைப் பற்றி நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: வெளியே போய்த் திரும்பி வருகிறவன் மேல் உள்ள கோபம், எதிர்க்கட்சி மேல் உள்ளதைவிடப் பெரிது.

1916-இல் முற்போக்குக் கட்சி கலைகிற நிலைக்கு வந்தது. ரூஸ்வெல்ட் ஹியூஸை ஆதரிக்கச் சொல்லிவிட்டார். உச்ச நீதிமன்ற நீதிபதி பதவியை விட்டு வந்தவர், நியூயார்க்கின் முன்னாள் கவர்னர், கை சுத்தம் என்று பெயர் எடுத்தவர் என்பதால் ஹியூஸ் இரு தரப்புக்கும் பொருத்தமான ஆள்தான். ஜான்சனும் அவரை ஆதரித்தார். ஆனால் செனட் பதவிக்கு ஜான்சன் தானே குடியரசுக் கட்சி சார்பில் நிற்க விரும்பினார். ஆகஸ்ட் 29-இல் கட்சிக்குள் முதனிலைத் தேர்தல். அதற்குச் சுமார் பத்து நாள் முன்னால் ஹியூஸ் கலிஃபோர்னியாவுக்கு வந்து இறங்கினார்.

சுற்றுப்பயணத்தின் பொறுப்பு மாநிலக் கட்சித் தலைவர் ஃபிரான்சிஸ் கீஸ்லிங்கிடமும், தேசியக் குழு உறுப்பினர் வில்லியம் க்ராக்கரிடமும் இருந்தது. இருவரும் பழைய கோஷ்டி. க்ராக்கர், அந்த ரயில்வேயை உருவாக்கிய நான்கு முதலாளிகளில் ஒருவரின் மகன்! ஜான்சனை மேடைப் பக்கம் விட அவர்களுக்கு மனம் இல்லை. உள்ளூர்ச் சண்டையில் எனக்கு வேலை இல்லை என்று ஹியூஸ் ஒதுங்கிக்கொண்டார். நீதிபதிக்கு அது அழகு. வேட்பாளருக்கு, ஒரு கோஷ்டியின் காரில் உட்கார்ந்துகொண்டு சொன்னால், எடுபடாது.

ஆகஸ்ட் 20, ஞாயிற்றுக்கிழமை. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் காரில் சுற்றிய ஹியூஸ், லாங் பீச் நகரில் ஹோட்டல் வர்ஜீனியாவில் சற்று இளைப்பாறினார். அதே ஹோட்டலில் ஜான்சனும் இருந்தார். ஹியூஸிடம் யாரும் மூச்சுவிடவில்லை. புறப்பட்டுப் போன பிறகுதான் அவருக்குச் செய்தி வந்தது. பதறிப்போய் ஆள் அனுப்பினார். சாக்ரமெண்டோவில் நடக்கவிருந்த தன் கூட்டத்துக்குத் தலைமை தாங்க வருமாறு அழைப்பும் விடுத்தார். ஜான்சன் மறுத்துவிட்டார். இதுதான் அந்தப் பிரசித்தி பெற்ற ஹோட்டல் கதை.

எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அதற்கு முந்தைய நாள் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஹியூஸ் சாப்பிட்ட ஒரு மதிய விருந்துதான் அவருக்கு அதிகச் சேதம் செய்தது என்று நினைக்கிறேன். அந்த நகரம் அப்போது கொதித்துக்கொண்டிருந்தது. ஜூலை 22-இல் ஒரு ராணுவ ஆதரவு ஊர்வலத்தில் குண்டு வெடித்து 10 பேர் இறந்தார்கள். அதைச் சாக்காக வைத்து முதலாளிகள் தொழிற்சங்கங்களை ஒடுக்கக் கிளம்பியிருந்தார்கள். ஹோட்டல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் வேறு. அந்த நேரத்தில் கமர்ஷியல் கிளப்பில் ஹியூஸுக்கு விருந்து. பரிமாறியவர்கள் சங்கத்தில் சேராத, வேலைநிறுத்தத்தை உடைக்க வந்த ஆட்கள். அவர் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். சான் ஃபிரான்சிஸ்கோ போன்ற தொழிற்சங்க நகரத்தில் அதற்கு மேல் துண்டறிக்கை எதுவும் தேவையில்லை.

அடுத்த சில வாரங்களில், ஹியூஸை எதிர்த்து நின்ற ஜனாதிபதி வில்சன், ரயில்வே தொழிலாளர்களுக்கு எட்டு மணி நேர வேலை தரும் ஆடம்சன் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஹியூஸ் அதை ஊர் ஊராகத் திட்டித் தீர்த்தார். ஐரோப்பாவில் யுத்தம் இரண்டு வருஷமாக நடந்துகொண்டிருந்தது. நம்மைப் போருக்குள் இழுக்காமல் காத்தவர் வில்சன் என்று ஜனநாயகக் கட்சி பிரசாரம் செய்தது. ரூஸ்வெல்ட்டோ ஹியூஸுக்கு ஆதரவாக மேடையேறி ஒவ்வொரு கூட்டத்திலும் போர் முழக்கம் செய்துகொண்டிருந்தார். இப்படி ஒரு நண்பர் இருந்தால் தோற்க எதிரி வேண்டாம்.

பெண்கள் விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது. பெண்களுக்கு வாக்குரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தத்தை ஆதரித்தவர் ஹியூஸ்தான்; வில்சன் நழுவிக்கொண்டிருந்தார். தேசியப் பெண்கள் கட்சி, வில்சனுக்கு எதிராக மேற்கு மாநிலங்களில் பிரசாரம் செய்தது. அதன் நட்சத்திரப் பேச்சாளர் இனெஸ் மில்ஹாலண்ட், லாஸ் ஏஞ்சலிஸ் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்து, ஒரு மாதத்தில், 30 வயதில் இறந்தார். ஆனால் பெண்கள் ஜனாதிபதி தேர்தலில் வாக்களித்த 12 மாநிலங்களில் 10 வில்சனுக்கே போயின.

நவம்பர் 7 இரவு கிழக்கு மாநிலங்கள் வரிசையாக ஹியூஸ் பக்கம் சாய்ந்தன. நியூயார்க் பத்திரிகைகள் அவரே ஜனாதிபதி என்று அறிவித்தன. ஜனாதிபதி தூங்குகிறார், எழுப்ப முடியாது என்று ஹியூஸின் உதவியாளர் சொன்னதும், எழுந்ததும் அவர் ஜனாதிபதி இல்லை என்று சொல்லிவிடு என்று நிருபர் பதில் கொடுத்ததும் பின்னால் சேர்ந்த கற்பனையாகவே இருக்க வேண்டும். மேற்கிலிருந்து முடிவுகள் மெல்ல வந்தன. மலைப் பகுதி வாக்குச்சாவடிகளின் கணக்கு வர நாட்கள் பிடித்தன. கடைசிக் கணக்கில் வில்சன் 4,66,289, ஹியூஸ் 4,62,516. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் எலெக்டர்களில் கலிஃபோர்னியாவின் 13 பேரோடு வில்சனுக்கு மொத்தம் 277, ஹியூஸுக்கு 254. அந்த 13-ம் இடம் மாறியிருந்தால் 267-க்கு 264 என்று ஹியூஸ் ஜெயித்திருப்பார்.

தெற்கில் லாஸ் ஏஞ்சலிஸ் ஹியூஸைக் கைவிடவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் மட்டும் வில்சன் சுமார் 15,000 வாக்கு முந்தினார். மொத்த வித்தியாசத்தைப் போல நான்கு மடங்கு! விருந்துதான் என்று நான் சொல்வது இதனால்தான். அதே நாள் செனட்டுக்கு நின்ற ஜான்சன் கிட்டத்தட்ட 3 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அவரிடம் தோற்றவர், பின்னாளில் இரண்டாம் உலகப் போரில் புகழ் பெற்ற ஜெனரல் பேட்டனின் தந்தை. ஹியூஸைவிட ஜான்சன் 1,12,000 வாக்கு அதிகம் வாங்கியிருந்தார். ஜான்சன் முதுகில் குத்திவிட்டார் என்றது பழைய கோஷ்டி. கீஸ்லிங்கும் க்ராக்கரும் கெடுத்தார்கள் என்றது ஜான்சன் தரப்பு. ஹோட்டல் கதை இரண்டு பேருக்குமே வசதி. சாப்பாட்டு மேஜையையோ எட்டு மணி நேர வேலையையோ பற்றி யாரும் பேச வேண்டியதில்லையே!

ஹியூஸ் வாழ்த்துத் தந்தி அனுப்பியது நவம்பர் 22-இல்தான். கொஞ்சம் பூச்சி அரித்துத்தான் வந்து சேர்ந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது என்று வில்சன் கிண்டலடித்தார். போருக்கு இழுக்காத அதே வில்சன் 1917 ஏப்ரலில் போருக்குள் போனார். அவர் பேசிய ஜனநாயகத்தை நம்பி அந்த ஜூனில் சென்னையிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் போயிற்று. எழுதியவர் ஹோம் ரூல் லீகின் கௌரவத் தலைவர் எஸ். சுப்பிரமணிய அய்யர். அதற்காக லண்டனிலிருந்து வசை வந்ததும் சர் பட்டத்தைத் துறந்தார்.

தேர்தலுக்கு இரண்டு நாள் முன், நவம்பர் 5-இல், வில்சனும் ஒரு கடிதம் எழுதி முத்திரையிட்டு வெளியுறவு அமைச்சர் லான்சிங்கிற்கு அனுப்பியிருந்தார். அன்றைய சட்டப்படி புதிய ஜனாதிபதி மார்ச் 4 வரை காத்திருக்க வேண்டும். உலகம் பற்றி எரியும்போது தோற்ற மனிதன் நான்கு மாதம் ஆளக் கூடாது என்பது வில்சனின் எண்ணம். நான் தோற்றால் நீங்கள் விலகுங்கள், ஹியூஸை வெளியுறவு அமைச்சராக்குகிறேன், பிறகு நானும் துணை ஜனாதிபதியும் ராஜினாமா செய்கிறோம், பதவி வரிசைப்படி ஹியூஸ் உடனே ஜனாதிபதி ஆகிவிடுவார் என்பது திட்டம். 3,773 வாக்குகள் அதற்கு வேலை வைக்கவில்லை. வெளியுறவு அமைச்சர் பதவி மட்டும் ஹியூஸுக்கு 1921-இல், குடியரசுக் கட்சியின் ஹார்டிங் ஜனாதிபதி ஆனபோது, வந்து சேர்ந்தது.