ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் பகுதியும் உலகப் பொருளாதார ஏற்றத்தாழ்வும்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் பகுதி சென்னைக்குத் தென்மேற்கே, காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வரையிலும், தெற்கே வல்லம் வடகால், ஒரகடம் வரையிலும் ஆலைகள் பரவியிருக்கின்றன. கார், லாரி, கைப்பேசி, டயர், கண்ணாடி எனப் பலவும் இங்கிருந்து உலகச் சந்தைக்குப் போகின்றன. செல்வ நாடுகளுக்கும் வறிய நாடுகளுக்கும் இடையிலான வருமான இடைவெளியே இந்த ஆலைகளை இங்கு கொண்டுவந்த முக்கியக் காரணங்களுள் ஒன்று. துறைமுகம் அருகில் இருந்தது, ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்த இளைஞர்கள் கிடைத்தார்கள், மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் நிலம் கொடுத்தது. இவையெல்லாம் உண்மை. ஆனால் இதே தகுதியுள்ள தொழிலாளிக்குச் சியோலிலோ ஸ்டுட்கார்ட்டிலோ தரவேண்டிய சம்பளத்தில் சிறு பங்கே இங்கு போதும் என்பதும் அவற்றோடு சேர்ந்த உண்மை.

தோற்றம்

ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த கிராமங்கள் இவை. ஹூண்டாய் நிறுவனத்தின் இந்தியக் கிளை 1996இல் தொடங்கப்பட்டு, 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ காரை வெளியிட்டபின் இப்பகுதியின் முகம் மாறியது. நோக்கியா 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை 2010இலும், டைம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலை 2012இலும் திறக்கப்பட்டன.

கொரியா எங்கே, நாம் எங்கே

உலக வங்கிக் கணக்கின்படி 1960களின் தொடக்கத்தில் தென்கொரியரின் சராசரி வருமானம் இந்தியரின் வருமானத்தைப்போல் இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை. 2023இல் இந்தியாவில் அது சுமார் 2,500 டாலர். தென்கொரியாவில் 33,000 டாலருக்கு மேல். இரண்டு தலைமுறைக்குள் ஏற்பட்ட இந்த விலகல் தற்செயலாக வந்ததன்று. கொரியா முதலில் நிலச் சீர்திருத்தத்தை நடத்தி முடித்தது; பள்ளிக் கல்வியை எல்லாருக்கும் கொண்டுசேர்த்தது; ஏற்றுமதி செய்து காட்டினால்தான் கடன் என்று சொந்த நாட்டு நிறுவனங்களை நெருக்கியது. 1967இல் பிறந்த ஹூண்டாய் மோட்டார், மிட்சுபிஷியிடம் தொழில்நுட்பம் வாங்கி 1975இல் போனி காரைச் செய்தது. 1991இல் சொந்த எஞ்சினையே வடிவமைத்துவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் உற்பத்தி கால் நூற்றாண்டைக் கடந்துவிட்டது. ஆனால் பெரும்பான்மை உரிமையும் முதன்மை வடிவமைப்பும் இன்றும் கொரியாவிடமே. 2024 அக்டோபரில் ஹூண்டாயின் இந்திய நிறுவனம் பங்குச்சந்தைக்கு வந்தபோது திரட்டப்பட்ட சுமார் 27,870 கோடி ரூபாயும், புதுப் பங்கு எதுவும் வெளியிடப்படாததால், கொரியத் தாய் நிறுவனத்துக்கே போனது.

யாருக்கு எவ்வளவு

உற்பத்தி ஓரிடம், ஆதாயம் வேறிடம் என்பதை ஐபோன் இன்னும் துலக்கமாகக் காட்டும். 2010இல் விற்ற ஐபோன் 4இன் விலையைப் பிரித்துப் பார்த்த கிரேமர், லிண்டன், டெட்ரிக் ஆகிய மூன்று ஆய்வாளர்கள், அதில் 58.5 விழுக்காடு ஆப்பிளின் லாபம் என்றும், சீனத் தொழிலாளருக்கான கூலி 1.8 விழுக்காடுதான் என்றும் கணக்கிட்டார்கள். இன்று அதே பொருத்தும் வேலையைச் சுங்குவார்சத்திரம் அருகே ஃபாக்ஸ்கான் ஆலையில் தமிழ்ப் பெண்கள் செய்கிறார்கள். தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 2024–25இல் 1,465 கோடி டாலர். பெருமைப்படத்தக்க எண்தான். ஆனால் ஏற்றுமதி மதிப்பில் பெரும்பகுதி இறக்குமதியான உதிரிபாகங்களின் விலை என்பதை மறந்து இதைப் படிக்கக்கூடாது.

ஏற்றத்தாழ்வு நாடுகளுக்கு இடையில் மட்டும் நிற்பதில்லை. காஞ்சிபுரம் மாநிலத்தின் வளமான மாவட்டங்களில் ஒன்று. இங்குள்ள ஷிப்டுகளை நிரப்புவோரில் பலர் வேலை கிடைக்காத உள்மாவட்டங்களிலிருந்து வருபவர்கள். ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வருபவர்கள் கட்டுமானத்திலும் கான்ட்ராக்ட் வேலையிலும் இருக்கிறார்கள். ஒரே லைனில் அடுத்தடுத்து நிற்கும் இருவரில் ஒருவர் நிரந்தரம், மற்றவர் கான்ட்ராக்ட் அல்லது ட்ரெய்னி. வேலை ஒன்று, சம்பளம் வேறு. ஊர்க்காரர்களில் நிலம் வைத்திருந்தவர்களுக்கு இழப்பீடும் வாடகை வருமானமும் கிடைத்தன. அந்த நிலத்தில் நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போன குடும்பங்களுக்கு அந்த வழி இல்லை.

2021 டிசம்பரில் இப்படி வந்து வேலைசெய்பவர்களின் நிலை வெளிச்சத்துக்கு வந்தது. பூந்தமல்லி அருகே ஃபாக்ஸ்கான் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நெரிசலான அறைகளில் தரையில் படுத்துறங்கியவர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. ஆப்பிள் அதைக் கண்காணிப்பில் வைத்தது. பின்னர் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய 18,720 படுக்கை கொண்ட குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நல்ல பணி, ஆனால் அந்தப் பெண்கள் சாலைக்கு வந்தபிறகே அதன் அவசரம் எல்லாருக்கும் புரிந்தது.

நிலையாமையும் சங்கமும்

வந்த மூலதனம் போகவும் செய்யும். வரித் தகராறில் சிக்கிய நோக்கியா ஆலை, 2014இல் மைக்ரோசாஃப்டுக்கு நடந்த விற்பனையில் சேர்க்கப்படாமல், அவ்வாண்டு நவம்பர் 1 முதல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேறினார்கள். அவர்களில் மிகப் பலர் இருபதுகளில் இருந்தவர்கள்.

2024 ஜூலையில் கொரியாவில் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையிலும் வேலைநிறுத்தம் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. தொழிற்சங்கக் கூட்டமைப்பான சி.ஐ.டி.யு. சொன்ன கணக்குப்படி சராசரி மாதச் சம்பளம் 25,000 ரூபாய். அதை மூன்று ஆண்டுகளில் 36,000 ஆக்க வேண்டும் என்று கேட்டார்கள். அதைவிட முதன்மையாகக் கேட்டது, தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம். சம்பளத்தைப் பேசி வாங்கும் உரிமை இல்லாத இடத்தில் எத்தனை ஆலை வந்தாலும் இடைவெளி குறையாது என்பதால் அந்தக் கோரிக்கை நியாயமானது. சங்கத்தின் பதிவுக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்ற வழக்குக்குப் பின், சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம் 2025 ஜனவரி 27 அன்று பதிவு செய்யப்பட்டது.