கம்பத்துக் காட்டுச் சேவலும் ஸ்காட்லாந்து சால்மனும்

குலுவுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. ஆற்றில் ட்ரௌட் மீன் பிடிப்பதுதான் அவர் பொழுதுபோக்கு. புழு வைத்துப் பிடிப்பது அவருக்குக் கேவலம். முள்ளின் மேல் இறகும் நூலும் சுற்றி, பூச்சி மாதிரி ஒன்றைத் தானே கட்டிக்கொள்வார். அதற்கு 'ஃப்ளை' என்று பெயர். போன குளிர்காலத்தில் எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்தது.

ஒருநாள் பழைய புகையிலை டப்பா ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரே ஒரு ஃப்ளை. அவருடைய அப்பாவுக்கு வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் கொடுத்தது. ஸ்காட்லாந்தில் சால்மன் பிடிப்பதற்கானது, என் சுண்டுவிரல் நீளம். இறக்கையைப் பூச்சி அரித்திருந்தது. நுனியில் இருந்த நரம்பு வளையத்தைத் தொட்டேன், ஒடிந்து கையோடு வந்துவிட்டது (மனுஷன் திட்டவில்லை, நல்லவேளை). ஆனால் இரண்டு பக்கத்திலும் ஒட்டியிருந்த மஞ்சள்-வெள்ளைப் புள்ளி இறகு மட்டும் நேற்று வைத்த மாதிரி பளபளத்தது.

"அங்கிள், இது எங்க ஊர்ப் பறவை!" என்றேன். அவர் நம்பவில்லை. இமயமலை அடிவாரத்தில் இருப்பது சிவப்புக் காட்டுக்கோழி, அதற்கு இந்தப் புள்ளி கிடையாது. இது மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவல். கம்பத்தில் பிறந்தவனுக்கு இது தெரியாதா? கழுத்திறகின் தண்டு நுனியில் தட்டையாக விரிந்து மெழுகுத் தகடு மாதிரி இறுகிவிடும். அதுதான் அந்தப் பளபளப்பு. 1774 முதல் 1781 வரை இந்தியப் பக்கம் சுற்றிய பிரெஞ்சுக்காரர் சொன்னரா, புதுச்சேரிக்கும் வந்தவர். இந்தப் பறவையின் விஞ்ஞானப் பெயரில் இன்றும் அவர்தான் இருக்கிறார்.

சரி, நம்ம சேவல் ஸ்காட்லாந்துக்கு எப்படிப் போனது?

முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறும் சால்மன் இரை தின்பதில்லை. ஆனாலும் எதற்கோ சில சமயம் கவ்வும். ஆகவே ஃப்ளை நிஜப் பூச்சி மாதிரி இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இதைப் பிடித்துக்கொண்டு விளையாடிவிட்டார்கள். உலகம் முழுக்கக் கப்பல் விட்டவர்களுக்கு இறகுக்கா பஞ்சம்? 'ஜாக் ஸ்காட்' என்ற புகழ்பெற்ற ஒரே ஃப்ளையில் தென்னமெரிக்க டூக்கான், மெக்காவ், ஆப்பிரிக்க நெருப்புக்கோழி, சீனத்துத் தங்க ஃபெசன்ட், நம் மயில், இரு கன்னத்திலும் நம் காட்டுச் சேவல். 1895இல் ஜார்ஜ் கெல்சன் என்பவர் இதற்காகவே தடியாக ஒரு புத்தகம் போட்டார். இத்தனை நிறமும் மீனுக்கா, பிடிக்கிறவருக்கா என்றால், என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

இவ்வளவு செலவழித்துக் கட்டியது எதனால் கெட்டது என்பதுதான் வேடிக்கை. அன்று பெரும்பாலான தூண்டில் முள்ளில் காது கிடையாது. பட்டுப்புழுவின் வயிற்றிலிருக்கும் பட்டுச் சுரப்பியை இழுத்து நரம்பாக்கி, அதை வளையமாக முள்ளில் கட்டினார்கள். ஊறவைக்காமல் எடுத்தால் ஒடியும், ஊறி ஊறி நாளானால் அழுகும். முள்ளிலேயே இரும்புக் காது வைக்கும் வழக்கம் பரவிய பிறகுதான் அந்தத் தொல்லை ஒழிந்தது. இறகு இறக்கைக்குப் பதில் அணில், மான் முடி வைப்பது 20ஆம் நூற்றாண்டில் பரவியது. இழை இழையாகக் கோத்த இறகு நாலு மீன் கடித்தால் பிய்ந்துவிடும், முடி தாங்கும்.

முதலில் நான் கட்டியவை நாலு. என் பெண்ணுக்கு எட்டு வயது. ஒவ்வொன்றையும் ஒரு இழு இழுத்தாள். மூன்று அவிழ்ந்துவிட்டன :-) அங்கிள் சொன்ன திருத்தங்கள் எல்லாம் பழைய ஆட்களுடையவைதான். நூலுக்குத் தேன்மெழுகு பூசு. வெறும் முள்ளில் முதலில் நூல் படுகை சுற்று, இல்லாவிட்டால் மேலே வருவதெல்லாம் வழுக்கும். இறகைச் சுற்றிய திசைக்கு எதிர்த்திசையில் ஜரிகையைச் சுற்று, மீனின் பல் பட்டாலும் இறகின் தண்டு அறுந்து பிரியாது. தலையில் வார்னிஷ், காய்ந்த பிறகு மறுபடி வார்னிஷ். ஜரிகைக்குக் கடைக்குப் போகவில்லை. எந்தப் புடவையிலிருந்து எடுத்தேன் என்று வீட்டில் இன்னும் விசாரணை நடக்கிறது.

அங்கிள் அடிக்கடி சொல்லும் பெயர் மேகன் பாய்ட். 1915இல் பிறந்தவர். ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் ப்ரோரா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு குடிசை. மின்சாரமே இல்லாமல் பல வருஷம் ஜன்னல் வெளிச்சத்தில் ஃப்ளை கட்டினார். கட்டிய ஃப்ளையைப் பிரித்து, அதே பொருட்களை அதைவிடச் சின்ன முள்ளில் மறுபடி கட்டு என்பதுதான் சிறுவயதில் அவருக்குக் கிடைத்த பாடம். 1971இல் பிரிட்டிஷ் அரசு பதக்கம் கொடுத்தது. நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று வாங்கப் போகவில்லையாம். அவர் சால்மன் பிடித்ததே இல்லை. 2001இல் இறந்தார்.

"நீயும் இதைப் பிரிச்சுப் பார், பேட்டா" என்று டப்பாவை என்னிடமே கொடுத்துவிட்டார். ஒரு வாரம் மேஜையில் வைத்துப் பார்த்தேன். பிரித்தால் இறக்கை கோக்கும் வித்தை தெரியும். ஆனால் அந்த இரண்டு கழுத்திறகு? இன்னொன்று வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. பறவை இறகு ஏற்றுமதியை 1902லேயே இந்தியாவில் தடை செய்தார்கள், கள்ளத்தனமாகப் போவது நிற்கவில்லை. பிரிட்டன் 1921இல் இறக்குமதித் தடைச் சட்டம் போட்டது. 1972ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நம் காட்டில் இதைத் தொடுவது குற்றம். இன்று அங்கே விற்பது பண்ணையில் வளர்த்த சேவலின் இறகு. 2009இல் ட்ரிங் அருங்காட்சியகத்தில் 299 பறவைத் தோல்களை ஒரு இளைஞர் திருடினாரே, அதுவும் இந்தப் பழைய ஃப்ளைகளைக் கட்டும் மோகத்தால்தான்.

நான் பிரிக்கவில்லை. என்னுடைய ஐந்தாவதற்குக் கறிக்கடைக் கோழியின் வெள்ளை இறகை வெட்டி, மேலே மஞ்சள் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்தேன். கிட்டப் பார்த்தால் கேவலம்தான். பெண் இழுத்துப் பார்த்தாள், அவிழவில்லை.

டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அங்கிள் கேட்டார், "உங்க ஊர்ல இது இன்னும் இருக்கா?"

இருக்கிறது என்றேன். போன தடவை ஊருக்குப் போனபோது மலையடிவாரத் தோட்டத்தில் விடியற்காலை அது கூவியது காதில் விழுந்தது. பெண்ணை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் நிறுத்திவிட்டது.