குளிர்காற்றும் கூலி உழைப்பும்: நுவரெலியா பியர்ச்சாலையின் கதை

மலைநாட்டின் பொருளியல் வரலாற்றை எழுதுவோர் கோப்பியைப் பற்றியும் தேயிலையைப் பற்றியும் எழுதுவர். அதே மண்ணில் நூறாண்டுக்கு மேலாகப் பியர் காய்ச்சி வடித்த ஒரு தொழில் இருந்ததை ஓரிரு வரிகளில் சொல்லிக் கடந்துவிடுவர். அளவில் அது சிறிய தொழில்தான். ஆயினும் குடியேற்றப் பொருளாதாரத்தின் இயல்பு முழுவதையும் அச்சிறு தொழிலின் கணக்கிலே நாம் படித்துவிடலாம்.

பிற்காலத்தில் நைல் நதியின் ஊற்றைத் தேடிச் சென்று புகழடைந்த சாமுவேல் பேக்கர், 1848-இல் தம் சகோதரருடன் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலப் பண்ணையை நிறுவ முனைந்தார். மாடுகளும் ஆடுகளும் கலப்பைகளும் கப்பலில் வந்தன. அப்பண்ணையை ஒட்டி 1849-இல் எழுந்த சிறு பியர்ச்சாலையே இத்தொழிலின் தொடக்கம் என்று சொல்லப்படுகிறது. பேக்கர் 1855-இல் இலங்கையை விட்டுச் சென்றார். 1881-இல் வணிக முறையில் அமைந்த சிலோன் பியர்ச்சாலை, 1911-இல் வரையறுத்த கம்பனியாகப் பதிவு பெற்றது.

இத்தொழிலுக்கு நுவரெலியாவைத் தெரிந்தெடுத்தது ஏன்? பியர் காய்ச்சும் முறையிலேயே விடை உண்டு. வாற்கோதுமையை ஊறவைத்து முளைகட்டி உலர்த்துவர். பின்பு அதை அரைத்து வெந்நீரில் கலந்து இனிப்புச் சாறு எடுப்பர். அச்சாற்றுடன் கசப்புச் சுவை தரும் ஹொப்ஸ் பூவைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறியபின் நொதியை இடுவர். இந்த இறுதிக் கட்டத்திலேதான் தொழிலின் வாழ்வும் சாவும் அடங்கியுள்ளன. வெப்பம் மிகுந்தால் வேண்டாத கிருமிகள் பெருகும். பாண்டம் முழுவதும் புளித்துப் பாழாகும். ஜெர்மனியில் கார்ல் லிண்டே குளிரூட்டும் பொறியை அமைத்தது 1870களில்தான். அதற்கு முன்பு, வெப்ப நாட்டில் பியர் காய்ச்ச விரும்பியவன் மலையேறியே ஆகவேண்டும். இந்தியாவில் 1855-இல் கசௌலியிலும் 1860-இல் மறீக்கு அருகேயும் வெள்ளையர் பியர்ச்சாலைகள் மலைகளிலே எழுந்தமைக்குக் காரணம் இதுவே. ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நுவரெலியாவின் குளிர்காற்றும் தெளிந்த அருவிநீரும் முதலாளிக்கு விலையின்றிக் கிடைத்த மூலதனம்.

ஆனால் ஏனைய அனைத்துக்கும் விலை உண்டு. வாற்கோதுமையும் ஹொப்ஸும் கடல் கடந்து வந்தன. ஹொப்ஸ் கொடி பூப்பதற்குக் கோடையின் நீண்ட பகல் வேண்டும். பூமத்திய ரேகைக்கு அருகே அது வாய்ப்பதில்லை. ஆகவே தானியத்துக்கான பணத்தை மாதக்கணக்கில் முன்கூட்டியே முடக்கவேண்டும். ஒரு பாண்டம் கெட்டால் அவ்வளவும் நட்டம். போத்தல் உடைந்தாலும் நட்டம். இவற்றுக்கு மேல் மதுவரி.

இவ்வளவு இடர்ப்பாட்டிலும் இலாபம் எங்கிருந்து வந்தது? பியரின் பெரும்பகுதி நீர். சீமையிலிருந்து பியரைக் கொண்டுவருவது நீருக்குக் கப்பற்கூலி கொடுப்பதாகும். தானியத்தை மட்டும் கொண்டுவந்து மலைநீரைச் சேர்த்தால் அக்கூலி மிச்சம். ஆனால் காய்ச்சிய பியரை மீண்டும் கொழும்புக்கு இறக்கினால், மிச்சமானதை வண்டிக்கூலி தின்றுவிடும். ஆகவே இச்சாலையின் இயல்பான சந்தை, அதனைச் சூழ்ந்திருந்த தோட்டத்துரைமாரின் பங்களாக்களும் கிளப்புகளுமே.

அந்தச் சந்தையை வாழவைத்தவர் யார்? 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்துக்கொண்டிருந்த காலத்திலேதான் 1881-இன் பியர்ச்சாலை தொடங்கிற்று. வாங்கவேண்டிய துரைமாரே கடனில் மூழ்கிக்கொண்டிருந்தனர். அவர்களைக் கரையேற்றியது தேயிலை. 1899 அளவில் தேயிலை ஏறத்தாழ 4 லட்சம் ஏக்கரில் பரவியிருந்தது. அக்காட்டை வெட்டியவரும் கொழுந்து பறித்தவரும் தமிழகத்திலிருந்து கங்காணிமார் கொண்டுவந்த தொழிலாளர். 1885-இல் நானுஓயாவை எட்டிய புகையிரதப் பாதையிலும் அவர்கள் உழைப்பு உண்டு. அப்பாதை தானிய மூட்டையை ஏற்றுவதையும் எளிதாக்கியது. ஆகவே துரையின் கிண்ணத்தில் நுரைத்த பியருக்கு அடியில் கொழுந்துக் கூடை இருந்தது எனல் மிகையன்று.

கூடை சுமந்தவருக்கு அப்பியர் எட்டவில்லை. அவருக்கெனத் தவறணை இருந்தது. சாராயக் குத்தகையை ஏலம் விட்டு வருவாய் ஈட்டிய அரசு, 1912-இல் மதுவரிச் சட்டத்தால் அவ்வமைப்பைச் சீர்ப்படுத்தி உரிமம் பெற்ற தவறணைகளை நிலைநாட்டியது. மதுவிலக்கு இயக்கத்தவர் அதனை எதிர்த்துக் கிளம்பினர். குறைந்தபட்சக் கூலிச் சட்டமோ 1927-இல்தான் வந்தது. கூலியை உயர்த்தச் சட்டம் செய்வதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னரே, கூலியைத் தவறணை வழியாகத் திரும்பப் பெறச் சட்டம் செய்தாயிற்று! தொழிலாளி குடித்துக் கெட்டான் என்று ஒழுக்கம் பேசுவோர் இந்த வரிசையை ஒருமுறை நோக்கட்டும்.

குளிர்ச்சியைப் பொறி தரத் தொடங்கியபின் மலையின் கொடைக்கு மதிப்புக் குன்றியது. துறைமுகமும் பெருஞ்சந்தையும் கொழும்பைச் சார்ந்திருந்தன. 1998-இல் கொழும்புக்கு அண்மையிலுள்ள பியகமவில் பெரும் பியர்த் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. நுவரெலியாவின் பழைய சாலை ஓய்ந்தது. ஆதாயம் இருந்தவரை மலையில் தங்கிய மூலதனம், ஆதாயம் குறைந்ததும் இறங்கிப் போயிற்று. இறங்கிப் போக வழியற்றவர் தொழிலாளர். நாட்கூலி ஆயிரம் ரூபா என்ற நிலையை எட்டவே அவர்கள் 2021 வரை போராட வேண்டியிருந்தது.

பேக்கரின் பெயரை வரலாறு காத்து வைத்திருக்கிறது. மூட்டை சுமந்தவன், அடுப்பெரித்தவன், போத்தல் கழுவியவள் ஆகியோரின் பெயர்கள் அதிலே இல்லை. வட்டாரத்துத் தொழில்களின் வரலாற்றை மாணவரிடம் எடுத்துச் செல்லும்போது, நிறுவியவர் யார் என்ற வினாவோடு நாம் நின்றுவிடலாகாது. யாருடைய உழைப்பால் அது நின்றது, அது போனபின் எஞ்சியவர் யார் என்ற வினாக்களையும் உடன் எழுப்புவோம்.