திரை வைத்த சர்வரும் திரையில்லாத சர்வரும்

லினக்ஸ் சர்வருக்குத் திரை கட்டாயமில்லை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட, இயங்குதளத்தின் கருவான கெர்னலைப் பொறுத்தவரை வரைகலை இடைமுகம் என்பது மேலே ஓடும் இன்னொரு நிரல்தான். அதை எடுத்துவிட்டாலும் கோப்புப் பகிர்வு, அஞ்சல், வலைத்தளம் எதுவும் நிற்காது. விண்டோஸில் பழகியவர்களுக்கு இது விளங்கவே நாளாகும்.

தமிழ்நாட்டில் தொடக்கம் எழுத்துத் திரைதான். 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் இணையச் சேவையைத் தொடங்கிய நகரங்களில் சென்னையும் ஒன்று. மலிவான ஷெல் கணக்கில் படம் வராது. தொலைவிலிருந்த யூனிக்ஸ் இயந்திரத்துக்குள் நுழைந்து எழுத்தாகவே அஞ்சல் படிக்க வேண்டும். திரையில்லாத சர்வரை அன்றைக்குப் பலர் அறியாமலே பழகிவிட்டார்கள். 1996இல் லினக்ஸ் ஆர்வலர் அதுல் சிட்னிஸின் முயற்சியால் பிசிகுவெஸ்ட் கணினி இதழ் லினக்ஸ் குறுந்தகடுகளைத் தரத் தொடங்கியது. டயல்-அப்பில் இறக்குவது நடவாத காலம் அது. 1998இல் சென்னையில் லினக்ஸ் பயனர் குழு உருவானது.

வரைகலைத் திரை வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்தது நினைவகம். 2003இல் வந்த ரெட் ஹாட் லினக்ஸ் 9க்கு எழுத்து முறையில் 64 எம்பி போதும். வரைகலைக்குக் குறைந்தது 128 எம்பி வேண்டும். எந்த நிலையில் தொடங்குவது என்று சொல்லும் 'இனிட்டாப்' கோப்பில் 5 என்ற எண்ணை 3 ஆக்கினால் இயந்திரம் வரைகலைத் திரையில்லாமல் எழும்.

ஆனால் தமிழுக்கு அந்தக் கருப்பு எழுத்துத் திரை உதவவில்லை. லினக்ஸின் எழுத்து முனையம் அதிகபட்சம் 512 எழுத்து வடிவங்களையே தாங்கும். கொம்பையும் காலையும் உரிய இடத்தில் சேர்த்துக் காட்ட அதற்குத் தெரியாது. அதனால் தமிழ் லினக்ஸ் என்ற முயற்சியே வரைகலையைச் சார்ந்து வளர்ந்தது. தன்னார்வலர்கள் கேடிஇ, குனோம் ஆகிய டெஸ்க்டாப்கள் இரண்டையும் தமிழாக்கினர். 2007இல் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் பாஸ் என்ற லினக்ஸ் பதிப்பை வெளியிட்டது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளிலும் அது விண்டோஸுடன் சேர்ந்து வந்தது. சர்வரில் தமிழ்க் கோப்பு கெடாமல்தான் இருந்தது. அதைப் படிக்க வேறொரு கணினியின் திரை தேவைப்பட்டது.

தொண்டாமுத்தூர் போன்ற கோவையின் மேற்கு மலையடிவார ஊர்களில் வீட்டிலேயே சர்வர் வைப்பவர்களுக்கு நினைவகத்தோடு கம்பியும் கரண்டும் கணக்கில் வந்தன. 2005இல் பிஎஸ்என்எல் அகலப்பட்டை 256 கிலோபிட் வேகத்தில் தொடங்கியது. தொலைபேசி நிலையத்திலிருந்து தள்ளிப்போகப் போக அந்தச் செப்புக் கம்பியின் வேகம் குறையும். அதில் தொலைத்திரையை இழுத்துப் பார்ப்பது வீண்பாடு; தொலைவிலிருந்து எழுத்தாக இணையும் எஸ்எஸ்ஹெச் வழியே கட்டளை அடிக்கத் தடையில்லை. 2012இல் கோவை மாவட்டத்தில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்தைத் தாண்டியது. பழைய குழாய்த் திரை மட்டுமே 60, 70 வாட் கேட்கும். அதே ஆண்டு வந்த ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி முழுதாக 3.5 வாட்டில் ஓடியது. இன்வெர்ட்டர் பேட்டரியை நம்பிய வீட்டுக்கு இந்த வேறுபாடே பெரிது. பேட்டரி உள்ள பழைய மடிக்கணினிக்கோ யுபிஎஸ்கூட வேண்டாம்.

நினைவகம் மலிந்த பிறகும் இடைவெளி போகவில்லை. டெபியன் 11 கையேடு டெஸ்க்டாப் இல்லாமல் 512 எம்பி, இருந்தால் 2 ஜிபி எனப் பரிந்துரைத்தது. கட்டளை தெரியாதவர்களுக்கு 1997இல் பிறந்த வெப்மின், பின்னால் வந்த காக்பிட் ஆகிய நிர்வாகக் கருவிகள் வழி செய்தன. இவற்றில் வரைகலை உலாவியில் விரிகிறது. சர்வரில் டெஸ்க்டாப் ஏற்ற வேண்டியதில்லை. தமிழைக் காட்டும் வேலையும் உலாவிக்கே போய்விடுகிறது.

இப்போது தடை வேறிடத்தில் இருக்கிறது. பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுவதால் வெளியிலிருந்து வீட்டுச் சர்வரை நேரே அடைய முடிவதில்லை. ஐபிவி6 முகவரி கிடைத்தால் பிரச்சினை தீரலாம். இல்லாவிட்டால், 2020இல் கெர்னலோடு சேர்ந்த வயர்கார்டு என்ற விபிஎன் நிரலைக் கொண்டு, பொது முகவரியுள்ள வாடகைச் சர்வர் வரை சுரங்கம் அமைக்கிறார்கள். அந்த வாடகைச் சர்வரும் பெரும்பாலும் திரையில்லாததே.